சிஸ்–டிரான்ஸா, ஈ–இசட்டா? ஆல்கீனுக்கு எந்தப் பெயர், எந்த இடத்தில்

கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள ஆல்கீனில் எந்தத் தொகுதி எந்தப் பக்கம் என்று சொல்ல, பாடத்தில் முதலில் சிஸ் (ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிர்ப்பக்கம்) வருகிறது. கொஞ்சம் மேலே போனால் அதே வேலைக்கு ஈ, இசட் (E, Z) வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதியது வந்த பிறகு பழையதை என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் பாதிப் பேர் "சிஸ் என்றால் இசட், டிரான்ஸ் என்றால் ஈ, அவ்வளவுதான்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மீதிப் பேர் சிஸ்–டிரான்ஸுக்குக் காலம் முடிந்துவிட்டது, விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று அதைத் தொடவே பயப்படுகிறார்கள்.

முதல் கூட்டம் சொல்வது தப்பு. இரண்டாவது கூட்டம் சொல்வது பாதி தப்பு. சேர்மத்தின் பெயரை எழுதும்போது ஈ–இசட்டை எடுங்கள். அந்தச் சேர்மம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பேசும்போது சிஸ்–டிரான்ஸை எடுங்கள். என் கட்சி இதுதான். துறைக்குத் துறை வழக்கம் மாறுவதால் சில இடங்களில் இதை வளைக்க வேண்டியிருக்கும். அந்த இடங்களையும் பார்ப்போம்.

முதலில், கேள்வியே எழுகிறதா?

எத்திலீனின் ஒரு முனையைப் பிடித்துத் திருப்ப வேண்டுமானால் பை பிணைப்பு உடைய வேண்டும். அதற்கு மோலுக்குச் சுமார் 65 கிலோகலோரி ஆகும். ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திரும்ப 3 கிலோகலோரி போதும். அறை வெப்பநிலையில் 3 என்பது ஒரு தடையே இல்லை, 65 என்பது தாண்டவே முடியாத சுவர். அதனால்தான் இரட்டைப் பிணைப்பின் இரு பக்கங்களும் நிலையாக இரு பக்கங்களாகவே இருக்கின்றன. ஒரே வாய்பாடு உள்ள இரண்டு பொருள்களைத் தனித்தனிப் பாட்டிலில் வைக்க முடிகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. இரட்டைப் பிணைப்பின் ஒவ்வொரு கார்பனிலும் இருக்கும் இரண்டு தொகுதிகள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். பியூட்-1-ஈனில் முதல் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன். 2-மெத்தில்புரோப்பீனில் ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், இன்னொன்றில் இரண்டு மெத்தில். இவற்றுக்கு வடிவ மாற்றியமே (அதே இணைப்பு, வேறு வடிவம்) கிடையாது. எந்த முறையில் பெயர் வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நுழைவுத் தேர்வுகளில் "எத்தனை மாற்றியங்கள்" என்று கேட்கும் கேள்விகளில் கண்ணியை வைப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

சிஸ்–டிரான்ஸ் எங்கே பலம்

மாலியிக் அமிலத்தையும் ஃபியூமரிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே. இரண்டிலும் இரட்டைப் பிணைப்பின் ஒவ்வொரு கார்பனிலும் ஒரு கார்பாக்சிலிக் தொகுதி, ஒரு ஹைட்ரஜன். ஆனால் மாலியிக் அமிலம் சுமார் 135 டிகிரி செல்சியஸில் உருகும்; ஃபியூமரிக் அமிலம் 287 வரை தாக்குப்பிடிக்கும். அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் மாலியிக் அமிலம் 70 கிராமுக்கு மேல் கரையும். அதே தண்ணீரில் ஃபியூமரிக் அமிலம் ஒரு கிராம்கூடக் கரையாது. மாலியிக் அமிலக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், தெளிந்திருந்த கரைசலிலிருந்து கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் படிகங்கள் இறங்க ஆரம்பிக்கும். ஃபியூமரிக் அமிலமாக மாறிய பங்கு கரைய இடமில்லாமல் வெளியே வருகிறது. இளங்கலை ஆய்வகத்தில் செய்து பார்க்கத் தகுந்த சோதனை.

வான்ட் ஹாஃப் 1874-இல் கார்பனுக்கு நான்முகி வடிவத்தை முன்வைத்தபோதே இந்த மாதிரி இரட்டைகளுக்கு விளக்கம் இருக்கிறது என்று காட்டினார். 1887-இல் யோகன்னஸ் விஸ்லிசெனுஸ் எது எந்த வடிவம் என்பதற்கான வாதத்தை விரிவாக எழுதினார். வாதத்தின் மையம் எளிமையானது. சூடாக்கினால் மாலியிக் அமிலம் லகுவாக ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து நீரிலியாகிறது. ஃபியூமரிக் அமிலம் அப்படி ஆவதில்லை. இரண்டு கார்பாக்சிலிக் தொகுதிகளும் ஒரே பக்கம் இருந்தால்தான் கைகோத்து வளையமாக முடியும். ஆகவே மாலியிக் அமிலம் சிஸ்.

சிஸ் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். நீரிலி ஏன் வருகிறது, முதல் புரோட்டான் ஏன் லேசாகப் போகிறது (பிகேஏ சுமார் 1.9, ஃபியூமரிக்கில் 3.0; இந்த எண் சிறிதாக இருந்தால் புரோட்டான் லேசாகப் போகும்), இரண்டாவது புரோட்டான் ஏன் போக மாட்டேன் என்கிறது (6-க்கு மேல், ஃபியூமரிக்கில் 4.4) என்று எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மிச்சமிருக்கும் புரோட்டானை உள்ளுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்துவைக்கிறது. இசட் என்று சொன்னாலும் இங்கே அதே மூலக்கூறுதான். ஆனால் இசட் என்ற எழுத்து "எந்த இரண்டு தொகுதிகள் பக்கத்தில் இருக்கின்றன" என்பதை நேரடியாகச் சொல்லாது. முன்னுரிமை பார்த்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பியூட்-2-ஈனிலும் இதே கதை. ஹைட்ரஜனேற்ற வெப்பம் சிஸ்ஸுக்கு மோலுக்கு 119.7 கிலோஜூல், டிரான்ஸுக்கு 115.5. இரண்டும் ஒரே பியூட்டேனாகத்தான் முடிகின்றன, அதனால் சிஸ் சுமார் 4 கிலோஜூல் மேலே இருக்கிறது. காரணம் இரண்டு மெத்தில்களும் ஒரே பக்கம் இடித்துக்கொள்வது. 1,2-டைகுளோரோ எத்திலீனில் சிஸ் 60 டிகிரியிலும் டிரான்ஸ் 48 டிகிரியிலும் கொதிக்கும். சிஸ்ஸில் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இழுப்பதால் இருமுனைத் திருப்புத்திறன் 1.9 டிபை, டிரான்ஸில் ஒன்றையொன்று கழித்துச் சுழியம். இந்த விளக்கங்களை ஈ, இசட் வைத்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுற்றிக்கொள்ளும்.

வினைகளுக்கும் அப்படித்தான். லிண்ட்லர் வினையூக்கி வைத்து ஆல்கைனை (முப்பிணைப்பு உள்ள சேர்மம்) ஹைட்ரஜனேற்றினால் சிஸ் வரும். சோடியமும் திரவ அம்மோனியாவும் போட்டால் டிரான்ஸ் வரும். சிஸ்-பியூட்-2-ஈனில் புரோமின் எதிர்ப்பக்கச் சேர்க்கையாகச் சேர்ந்தால் சுழிமாய்க் கலவை (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டும் சரிபாதி), டிரான்ஸில் சேர்ந்தால் மீசோ (தன் கண்ணாடிப் பிம்பமும் தானும் ஒன்றே). ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் என்ற மொழியிலேயே வினையும் நடக்கிறது, பெயரும் இருக்கிறது. இந்த இடத்தில் பழைய முறையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

எங்கே உடைகிறது

இதுவரை எடுத்த உதாரணங்களில் ஒரு பொதுவான விஷயம் உண்டு. இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பனிலும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் இருந்தது. அப்படி இருக்கும்வரை சிஸ் என்றால் எது எதோடு ஒரே பக்கம் என்பதில் சந்தேகம் வராது, ஏனென்றால் மிச்சம் இருப்பது ஒவ்வொரு கார்பனிலும் ஒரே ஒரு தொகுதிதான்.

மூன்றாவது தொகுதி நுழைந்த நிமிடத்தில் சிக்கல் ஆரம்பிக்கிறது. 3-மெத்தில்பென்ட்-2-ஈனைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். இரண்டாம் கார்பனில் ஒரு மெத்திலும் ஒரு ஹைட்ரஜனும். மூன்றாம் கார்பனில் ஒரு மெத்திலும் ஒரு எத்திலும். இரண்டாம் கார்பனின் மெத்திலையும் மூன்றாம் கார்பனின் மெத்திலையும் ஒரே பக்கம் போடுங்கள். இப்போது இது சிஸ்ஸா, டிரான்ஸா?

ஒருவர் சொல்வார்: ஒரே மாதிரியான இரண்டு தொகுதிகள், அதாவது மெத்தில்கள், ஒரே பக்கம் இருக்கின்றன, ஆகவே சிஸ். இன்னொருவர் சொல்வார்: ஐந்து கார்பன் முதன்மைச் சங்கிலி இரட்டைப் பிணைப்பைத் தாண்டும்போது ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போகிறது, ஆகவே டிரான்ஸ். இருவருமே புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்கிறார்கள். இரண்டு வழக்கமும் நெடுநாளாகப் புழக்கத்தில் இருந்தவை. ஒரே மூலக்கூறு, இரண்டு நேரெதிர்ப் பெயர்கள், இருவர் பக்கமும் நியாயம். 1-புரோமோ-2-குளோரோ-2-ஃபுளூரோ-1-அயோடோ எத்திலீன் போன்ற ஒன்று வந்தால் அந்த நியாயமும் போய்விடும். நாலும் நாலு தினுசு, சங்கிலி என்று ஒன்றும் கிடையாது. சிஸ் என்று சொன்னால் எது எதற்கு சிஸ் என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

சிஸ்–டிரான்ஸ் என்பது "டீக்கடைக்கு எதிர்வீடு" என்று வழி சொல்வது மாதிரி. அந்தத் தெருவில் டீக்கடை ஒன்றே ஒன்று இருக்கும்வரை அதைவிட நல்ல விலாசம் கிடையாது. ஈ–இசட் என்பது சர்வே எண். வாயில் நுழையாது, ஆனால் பத்திரத்தில் எழுத அதுதான் வேண்டும்.

ஈ–இசட் என்ன செய்கிறது

கான், இங்கோல்ட், பிரிலாக் மூவரும் 1956-இலும் பிறகு 1966-இலும் வெளியிட்ட முன்னுரிமை விதிகள் முதன்மையாகக் கைரல் மையங்களுக்கு (நான்கு வேறு தொகுதிகள் ஒட்டிய கார்பன் போன்றவை) உருவானவை. 1968-இல் அமெரிக்காவின் கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸைச் சேர்ந்தவர்கள் அதே முன்னுரிமையை இரட்டைப் பிணைப்புக்குக் கொண்டுவந்து ஈ, இசட் என்ற குறிகளை முன்வைத்தார்கள். யார் முன்வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உலகம் முழுக்க வரும் ஆய்வுகளைப் பெயர்வாரியாக அட்டவணை போடுகிறவர்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் திண்டாடுவது அவர்கள்தான்.

முறை இதுதான். ஒவ்வொரு கார்பனிலும் தனித்தனியாக, இரண்டு தொகுதிகளில் எது பெரியது என்று பாருங்கள். நேரடியாக ஒட்டியிருக்கும் அணுவின் அணு எண் பெரிதாக இருப்பது ஜெயிக்கும். இரண்டு கார்பனிலும் ஜெயித்தவை ஒரே பக்கம் என்றால் இசட், எதிர்ப்பக்கம் என்றால் ஈ. இரண்டும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். ஆங்கில எழுத்து ஈ-யின் மூன்று கோடுகளும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அதை "ஒரே பக்கம்" என்று நினைக்கத் தோன்றும். நினைக்காதீர்கள், நேரெதிர்.

இப்போது அந்த 3-மெத்தில்பென்ட்-2-ஈனுக்குத் திரும்பலாம். இரண்டாம் கார்பனில் மெத்தில் ஹைட்ரஜனை ஜெயிக்கிறது. மூன்றாம் கார்பனில் எத்தில் மெத்திலை ஜெயிக்கிறது. நாம் வரைந்ததில் எத்தில், இரண்டாம் கார்பனின் மெத்திலுக்கு எதிர்ப்பக்கம். ஆகவே ஈ. விவாதம் முடிந்தது.

இந்த முறைக்கும் விலை உண்டு. முன்னுரிமை விதிகள் தெரியாமல் ஒரு அடி வைக்க முடியாது. பெரிய தொகுதி ஜெயிக்கும் என்ற உள்ளுணர்வு அடிக்கடி கவிழ்க்கும். ஹைட்ராக்சிமெத்தில் தொகுதியா, மூன்று மெத்தில் உள்ள டெர்ஷியரி பியூட்டைல் தொகுதியா என்று கேட்டால் குண்டாக இருப்பதைப் பார்த்துப் பலர் பியூட்டைல் என்பார்கள். இரண்டிலும் முதல் அணு கார்பன், சமம். அடுத்த வட்டத்தில் ஒன்றில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். இன்னொன்றில் கார்பன், கார்பன், கார்பன். அணு எண்களைக் கூட்டிப் பார்க்கக் கூடாது. பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதல் வித்தியாசத்திலேயே நிறுத்த வேண்டும். ஆக்சிஜன் 8, கார்பன் 6. ஹைட்ராக்சிமெத்தில் ஜெயித்துவிட்டது. இரட்டைப் பிணைப்பு உள்ள தொகுதி வந்தால் அந்த அணுவை இரண்டு தடவை எண்ண வேண்டும். அதனால் ஆல்டிஹைடு தொகுதி ஹைட்ராக்சிமெத்திலைவிட மேலே. ஐசோடோப்பு வந்தாலும் முறை கைவிடாது: ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் சாதாரண ஹைட்ரஜனை ஜெயிக்கும்.

"சிஸ் என்றால் இசட்" எப்போது பொய்யாகிறது

2-புரோமோபியூட்-2-ஈன். நாலு கார்பன் சங்கிலி, நடுவில் இரட்டைப் பிணைப்பு. இரண்டாம் கார்பனில் புரோமினும் மெத்திலும், மூன்றாம் கார்பனில் மெத்திலும் ஹைட்ரஜனும். இரண்டு மெத்தில்களையும் ஒரே பக்கம் போடுங்கள். ஒரே மாதிரித் தொகுதி பார்ப்பவரும் சிஸ் என்பார், முதன்மைச் சங்கிலி பார்ப்பவரும் சிஸ் என்பார். இந்தத் தடவை இருவருக்கும் சண்டையே இல்லை.

ஈ–இசட் என்ன சொல்கிறது? இரண்டாம் கார்பனில் புரோமின் 35, கார்பன் 6, புரோமின் ஜெயிக்கிறது. மூன்றாம் கார்பனில் மெத்தில் ஜெயிக்கிறது. மெத்தில்கள் இரண்டும் ஒரே பக்கம் என்றால், புரோமின் அந்த மூன்றாம் கார்பன் மெத்திலுக்கு எதிர்ப்பக்கம். ஆகவே ஈ. எல்லோரும் சிஸ் என்று ஒத்துக்கொண்ட மூலக்கூறு ஈ.

இன்னும் ஒரு படி போவோம். இதற்கு எதிர் மாற்றியம், அதாவது மெத்தில்கள் எதிரெதிர்ப் பக்கம் உள்ளது, இசட். அதில் புரோமினை லித்தியமாக மாற்றி, பிறகு தண்ணீர் விட்டால் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்காரும். ஆல்கீனைல் லித்தியம் தாழ்ந்த வெப்பநிலையில் தன் வடிவத்தை விடாது, அதனால் மெத்தில்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கிடைப்பது டிரான்ஸ்-பியூட்-2-ஈன், அதாவது ஈ. வடிவத்தில் ஒன்றுமே மாறவில்லை, ஆனால் பெயரில் இசட் போய் ஈ வந்துவிட்டது. பெயரை மட்டும் பார்த்து "தலைகீழாகிவிட்டது" என்று எழுதினால் வினைவழிமுறையே தப்பாகும். இந்த மாதிரி இடத்தில் அடைப்புக்குள் ஈ–இசட் பெயரைப் போட்டுவிட்டு, வாக்கியத்தில் "மெத்தில்கள் டிரான்ஸாகவே இருக்கின்றன" என்று எழுதுவதுதான் நல்ல வழக்கம். இரண்டு முறையும் ஒரே பத்தியில் இருக்கலாம், அதில் ஒரு முரணும் இல்லை.

மருந்துலகில் இதற்குப் பேர்போன உதாரணம் டமாக்சிஃபென். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. அதன் நடுவில் நாலு பக்கமும் நிரம்பிய ஒரு இரட்டைப் பிணைப்பு. ஒரு கார்பனில் வெறும் ஃபினைலும் (பென்சீன் வளையத் தொகுதி), அமினோ எத்தாக்சி வால் தொங்கும் ஃபினைலும். இன்னொரு கார்பனில் எத்திலும் ஃபினைலும். வால் உள்ள ஃபினைல் வெறும் ஃபினைலை ஜெயிக்கும். அந்தப் பக்கம் ஃபினைல் எத்திலை ஜெயிக்கும். மருந்தாகத் தரப்படுவதில் ஜெயித்த இரண்டும் ஒரே பக்கம், அதாவது இசட். ஆனால் வெறும் ஃபினைல்கள் இரண்டை மட்டும் பார்த்தால் அவை எதிரெதிர்ப் பக்கம். அதனால் பழைய ஆய்வுக் கட்டுரைகளில் அதே மருந்து "டிரான்ஸ்-டமாக்சிஃபென்" என்று வரும். எதிர் மாற்றியமான ஈ, அங்கே "சிஸ்". அது ஈஸ்ட்ரஜனை எதிர்ப்பதற்குப் பதிலாக ஈஸ்ட்ரஜன் போலவே வேலை செய்யும் தன்மை உடையது. "டிரான்ஸ் என்றால் ஈ" என்று மனப்பாடம் செய்தவர் அந்தக் கட்டுரைகளை எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அந்த மனப்பாடம் எங்கேயும் செல்லாதா? ஒரு இடத்தில் செல்லும். இரண்டு கார்பனிலும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் இருந்தால் சிஸ் என்றால் இசட், டிரான்ஸ் என்றால் ஈ. இதற்கு விலக்கே இல்லை, ஏனென்றால் சாதாரண ஹைட்ரஜனைவிடக் கீழே உள்ள தொகுதி ஆல்கீனில் கிடையாது. இன்னொரு தொகுதி எதுவாக இருந்தாலும் ஜெயிக்கும். ஆக, முடிவு எடுக்கும் சோதனை இது ஒன்றுதான்: இரு பக்கமும் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறதா? இருந்தால் உங்கள் இஷ்டம். இல்லாவிட்டால் பெயரில் ஈ–இசட், வேறு பேச்சுக்கு இடமில்லை.

இஷ்டம் என்றால் துறையின் இஷ்டம்

கொழுப்பு அமிலங்கள் இந்த "இரு பக்கமும் ஹைட்ரஜன்" வகையைச் சேர்ந்தவை. ஓலியிக் அமிலத்தில் ஒன்பதாம் கார்பனில் சிஸ். அது 13–14 டிகிரியில் உருகுவதால் நம் ஊர் வெயிலுக்கு எண்ணெயாகவே இருக்கும். அதன் டிரான்ஸ் சகோதரம் எலாய்டிக் அமிலம் சுமார் 45 டிகிரியில்தான் உருகும். சிஸ் சங்கிலியில் ஒரு வளைவு விழுகிறது, அடுக்க முடியாது. டிரான்ஸ் சங்கிலி கிட்டத்தட்ட நேராக இருப்பதால் அடுக்கி நிற்கும். தாவர எண்ணெயை நிக்கல் வைத்துப் பாதி ஹைட்ரஜனேற்றி வனஸ்பதி செய்யும்போது சில சிஸ் பிணைப்புகள் ஹைட்ரஜன் ஏறாமலேயே டிரான்ஸாகத் திரும்பிவிடுவதுதான் பிரச்சினையின் ஊற்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. பாக்கெட்டில் "டிரான்ஸ் கொழுப்பு" என்றுதான் அச்சிடுகிறார்கள். "ஈ-கொழுப்பு" என்று யாரும் எழுதப் போவதில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சட்டமும் மருத்துவரும் மளிகைக்கடையும் பேசும் சொல் டிரான்ஸ். அதையே எழுதுங்கள்.

கண்ணுக்குள் நடப்பதும் அப்படி. 11-சிஸ்-ரெட்டினால் ஒளிபட்டு முழு-டிரான்ஸாக மாறுவதுதான் பார்வையின் முதல் படி. பார்வையின் வேதியியலைத் துருவியதற்காக ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதை முறைப்படி எழுதினால் சங்கிலியின் எண் வரிசையே மாறி 2ஈ,4இசட்,6ஈ,8ஈ என்று வரும். அந்த 11 எங்கே போனது என்று உயிர்வேதியியல் படிக்கிறவர் தேடிக்கொண்டிருப்பார். முகப்பருவுக்கான ஐசோடிரெட்டினாயினும் 13-சிஸ்-ரெட்டினாயிக் அமிலம்தான். இங்கே பழைய பெயரை முதலில் எழுதி, முறைப்படியான பெயரைச் செய்முறைப் பகுதியில் ஒரு முறை கொடுத்தால் போதும்.

பூச்சிகளை ஆராய்பவர்கள் நேரெதிர். அவர்களும் பெரும்பாலும் இரு பக்கமும் ஹைட்ரஜன் உள்ள நீண்ட சங்கிலிகளோடுதான் புழங்குகிறார்கள், ஆனால் எழுதுவது ஈ–இசட்டில். பட்டுப்பூச்சியின் கவர்ச்சிப்பொருளான பாம்பிகால், 1959-இல் பியூட்டனான்ட் குழு சுமார் 5 லட்சம் பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்தது, 10ஈ,12இசட். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவின் கவர்ச்சிப்பொருளில் முக்கியமானது இசட்-9 டெட்ராடெசினைல் அசிடேட். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு வைக்கும் பொறியில் 7இசட்,11இசட் வடிவமும் 7இசட்,11ஈ வடிவமும் ஏறத்தாழ சரிபாதியாக வேண்டும். இரண்டு இரட்டைப் பிணைப்புகள், அதில் ஒன்றில் மட்டும் வித்தியாசம். ஒரு எழுத்து, ஒரு எண் என்று குறுக்கி எழுத அந்தத் துறைக்கு இது வசதி. இந்த இடத்தில் சிஸ், டிரான்ஸ் என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் துறைக்காரர்களுக்கு உறுத்தும்.

மருந்துப் பெயர் வைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெயருக்குள்ளேயே குறியைப் புதைத்துவிடுகிறார்கள். மிளகாயின் கேப்சைசின் ஈ. அதன் இசட் மாற்றியத்துக்கு சூகேப்சைசின் என்று பெயர். குளோமிஃபீனின் இரண்டு வடிவங்கள் சூகுளோமிஃபீன், என்குளோமிஃபீன். முன்னொட்டைப் பார்த்தாலே தெரியும்.

வளையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு அணு வரையிலான வளையத்துக்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்புக்கு எந்தக் குறியும் வேண்டாம், வேறு வடிவம் அதற்குத் தாங்காது. மீறிக் குறி போட்டால் வேடிக்கை: 1-குளோரோசைக்ளோஹெக்சீனில் வளையம் சிஸ்ஸாகத்தான் இருக்கிறது, ஆனால் குளோரின் ஜெயிப்பதால் விதிப்படி ஈ. எட்டு அணுவுக்குக் குறி அவசியம். சாதாரண வெப்பநிலையில் பிரித்து வைக்கக்கூடிய மிகச் சிறிய டிரான்ஸ் வளையம் சைக்ளோஆக்டீன். அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருமே டிரான்ஸ்-சைக்ளோஆக்டீன் என்றுதான் சொல்கிறார்கள்.

பழக்கப் பெயர்கள்

மாலியிக், ஃபியூமரிக், ஓலியிக், எலாய்டிக், டிக்லிக், ஏஞ்சலிக் என்று எந்தக் குறியும் இல்லாத பெயர்களும் ஒரு வழி. நான் பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துவேன். ஆனால் பொருள் வாங்கும்போது சிஏஎஸ் எண்ணையும் (கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் பதிவெண்) சேர்த்து எழுதுங்கள். மாலியிக் அமிலம் 110-16-7, ஃபியூமரிக் அமிலம் 110-17-8. அடுத்தடுத்த எண்கள், அவசரத்தில் மாறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால் பெயரும் எண்ணும் இரண்டும் இருக்கட்டும். டிக்லிக் அமிலம் போன்றவற்றைப் பழக்கப் பெயரோடு விட்டால் பாதி வாசகர்களுக்குப் புரியாது. அது ஈ-2-மெத்தில்பியூட்-2-ஈனோயிக் அமிலம் என்று ஒரு முறையாவது எழுத வேண்டும். கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உள்ள ஆக்சைம்களுக்கு முன்பு சின், ஆன்டி என்று எழுதினார்கள். அதை விட்டுவிடலாம். அங்கே ஈ–இசட் மட்டும்தான். நைட்ரஜனின் தனி எலக்ட்ரான் இரட்டையைக் கடைசித் தரத்தில் வைத்தால் போதும்.

ஆய்வறிக்கை எழுதும்போது

பெயர் வைப்பதற்கு முன் வடிவம் தெரிய வேண்டுமே. என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சமிக்ஞையை அளக்கும் முறை) இரண்டு ஆல்கீன் ஹைட்ரஜன்களுக்கு இடையிலான இணைப்பு மாறிலி 16 ஹெர்ட்ஸ் அளவில் வந்தால் டிரான்ஸ், 10 ஹெர்ட்ஸ் அளவில் வந்தால் சிஸ். இது வேலை செய்வதும் இரு பக்கமும் ஹைட்ரஜன் இருந்தால்தான். சிஸ்–டிரான்ஸ் பெயர் எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, இந்த அளவீடும் அதே இடத்தில் கைவிடுகிறது. மூன்றாவது தொகுதி வந்துவிட்டால் ஹைட்ரஜனுக்கு எந்தத் தொகுதி இடத்தளவில் பக்கத்தில் இருக்கிறது என்று, அந்த நெருக்கத்தைக் காட்டும் என்எம்ஆர் சோதனையான என்ஓஈ பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போது அறிக்கையில் "இந்த மெத்தில் அந்த ஹைட்ரஜனுக்கு சிஸ்" என்று இரண்டு தொகுதிகளையும் சொல்லி எழுதுங்கள், முடிவான பெயரை ஈ அல்லது இசட் என்று போடுங்கள். எது எதற்கு என்று சொல்லிவிட்டால் சிஸ் என்ற சொல்லில் எந்தக் குழப்பமும் கிடையாது.

கலவையாக வந்திருந்தால் விகிதத்தைக் கொடுங்கள்: ஈ, இசட் 3:1 என்பது போல. வடிவம் தெரியவில்லை என்றால் குறியே போடாமல் பெயரை எழுதி, வரைபடத்தில் அந்தப் பிணைப்பை நெளிகோடாகப் போடுங்கள். கணினித் தரவுத்தளத்தில் தேடுகிறவர்களுக்கு, மூலக்கூறை ஒரு வரி எழுத்துகளாக எழுதும் ஸ்மைல்ஸ் குறியீடு உதவும். அது சாய்கோடுகளால் எந்த அணு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறது, முன்னுரிமையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெயரைக் கையால் வைத்த பிறகு அந்தக் குறியீட்டை வரைகருவியில் ஒட்டி, அது தரும் ஈ அல்லது இசட் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் முன்னுரிமையில்தான் எங்கேயோ சறுக்கியிருப்பீர்கள், படத்தில் அல்ல.